புதூர்நாட்டில் ஒரு முருகனைத் தேடியபோது

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டின் ஜீப்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பீடி, கழுத்தில் ஈரத் துண்டு. கிளம்புமுன் ஏறிய எல்லோர் முகத்தையும் திரும்பிப் பார்ப்பார். எந்த இருவருக்கிடையே பேச்சுவார்த்தை இல்லையோ அவர்களை இடம் மாற்றி உட்காரவைத்த பிறகே சாவியைத் திருப்புவார்.

நான் அவர் பக்கத்தில், மடிக்கணினியோடு. மலையில் யாருக்கு யார் உறவு, யார் என்ன விதைக்கிறார் என்று கண்ணி கண்ணியாகக் கோத்துவைத்த எங்கள் மகத்தான தரவுத்தளம் அதில் இருந்தது. எங்கள் விதை வங்கிக்கு விதை கொடுத்த ஒருவரிடம் அன்றைக்கே ஒப்புதல் கையெழுத்து வாங்காவிட்டால் என் வேலை போய்விடும். பெயர் முருகன், சாமை போடுபவர், மனைவி மலைக்குக் கீழே ஒடுகத்தூர்க்காரர் என்று கணினியிடம் கேட்டேன். அது மலையிலுள்ள முருகன்களை ஒவ்வொருவராக, மிகுந்த மரியாதையோடு, விசாரிக்கத் தொடங்கியது. மூன்று வளைவு கடந்தும் விசாரணை முடியவில்லை.

"இன்னா சார், சுத்திக்கினே கீது?" என்றார் ஜீப்காரர். விவரம் சொன்னேன்.

"முருகன்னா மலையில பாதிப்பேரு. சாமை போடாத வூடே கெடையாது. அத்த வுடுங்க. நம்ம ஆளுங்க மலைக்குள்ளயே பொண்ணு எடுப்பாங்க. ஒடுகத்தூர்ல எடுத்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு எப்பவோ கேரளாவுக்குப் போய்ட்டாரு."

"இன்னொருத்தர்?"

"உங்க பின்னாலதான் பலாப்பழத்தோட குந்திக்கினு கீறாரு."

அபூர்வமான தகவலிலிருந்து தேடத் தொடங்கும்படி கணினியையும் பிறகு மாற்றினேன். அந்த மாபெரும் கண்டுபிடிப்புக்காக அலுவலகத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜீப்காரருக்கு நன்றி சொல்லலாமென்று, புதூர்நாட்டில் ஜீப் ஓட்டுபவர் யார் என்று கணினியிடமே கேட்டேன். நொடியில் பதில் வந்தது: அப்படி யாரும் இல்லை.