காற்றை வெளியேற்றிய மேயரும் என் ஞாயிற்றுக்கிழமையும்

காலை 8.20. ஹனோவர் ரயில் நிலையத்தில் காபி என்று சொல்லித் தந்த ஒன்றை மூன்று யூரோ எண்பது சென்ட்டுக்கு வாங்கிக் குடித்தபடி, கைப்பேசியைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். ஞாயிறு தோறும் இங்கே காலை எட்டரைக்குச் சென்னையில் இருக்கும் மகளைக் கூப்பிடுவது வழக்கம். மனைவி போனபின் குடும்பம் என்று சொல்ல மிச்சம் இருப்பது நாங்கள் இருவர்தான். சில மாதங்களாக ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது: நான் கூப்பிடாவிட்டால் அவளாகக் கூப்பிடுவாளா? பொறியாளன் என்பதால் புலம்பாமல் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். இன்று முழுவதும் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டில் இருந்தால் கை தானாகப் போய்விடும். ஆகவே நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாக்டபுர்க் நகருக்குப் பயணம்.

ப்ரௌன்ஷ்வைக்கில் ரயில் மாறினேன். எதிர் இருக்கையில் மூன்றடுக்கு டப்பாவை மடியில் வைத்திருந்தவர் "தமிழோ?" என்றார். நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், கெல்சென்கிர்ச்சனில் ரொட்டி ஆலையில் வேலை. மாக்டபுர்க்கில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். நானும் அங்கேதான் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கு அங்க ஆர் இருக்கினம் அண்ணை?"

"யாரும் இல்லீங்க. முன்னூறு வருஷத்துக்கும் முந்தி அந்த ஊர் மேயர் வெற்றிடம்னு ஒண்ணு செஞ்சு காட்டினார். அதைப் பாக்கப் போறேன்."

"ஒண்டுமில்லாததைப் பாக்க இவ்வளவு தூரமோ?"

மகளைப் பற்றியும் என் சோதனையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் இதெல்லாம் சுலபமாக வருகிறது.

"இண்டைக்குச் சோதனை எண்டு மகளுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா சோதனை கெட்டுடுமே."

"அப்ப அது சோதனை இல்லை அண்ணை, கோவம்" என்று டப்பாவைத் திறந்து ஒரு வடையை நீட்டினார்.

இறங்கும்போது, "திரும்பி வீட்டை போய்ச் சேந்ததும் ஒருக்கா போன் எடுங்கோ" என்றார். இன்று நான் யாரையும் கூப்பிடக் கூடாதே என்றேன். "அப்ப நம்பரைத் தாங்கோ, நான் எடுக்கிறன். நான் உங்கட சோதனையில இல்லைத்தானே."

11.15. எல்பே ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் கோபுரம். அதற்குள் மேயரின் அருங்காட்சியகம். பார்வையாளர் நான் ஒருவன்தான். சீட்டுக் கொடுத்த அம்மாள் எனக்காக விளக்குகளைப் போட்டார். நான் ஒரு அறையைவிட்டுப் போனதும் பின்னாலேயே வந்து அணைத்தார்.

வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று படித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். மேயர் வாதாடவில்லை, பம்பு செய்தார். பீர்ப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதை உறிஞ்சி எடுத்தார். ஜெர்மனியில் கைக்கு எட்டும் பாத்திரம் அதுதான். மரத்தின் ஊடாகக் காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. அடுத்து செம்பு உருண்டை. அது கசக்கிய காகிதம்போல நசுங்கியது. கடைசியில் உலோகத்தில் இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். பிரியவில்லை. குழாயைத் திறந்து காற்றை விட்டதும் கையாலேயே பிரிந்தன. உள்ளே ஏதோ பிடித்துவைத்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே எதுவுமே இல்லை. வெளிக்காற்றுதான் நாலாபக்கமும் அழுத்திக்கொண்டிருந்தது. கண் பார்த்தது சரி; காரணம் வேறு.

பையைத் திறந்து பார்த்தேன். அழைப்பு எதுவும் இல்லை.

1.30. ஆற்றங்கரை பெஞ்சு. ஓர் இளம் ஜோடி, படத்தில் விழாதபடி சற்றுத் தள்ளி உட்கார முடியுமா என்று மரியாதையாகக் கேட்டது. தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றது. எழுந்து ரயில் நிலையத்துக்கே போய்விட்டேன்.

மாலை 5.00. பையை உள்ளே மேசையில் வைத்துவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைப்பேசி அடித்தது. ஒற்றைச் செருப்போடு ஓடிய வேகத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. தெரியாத எண்.

"அண்ணை, வந்து சேந்திட்டீங்களோ?"

"இப்பதாங்க வந்தேன்."

"மகள் எடுத்தவவோ?"

"இல்லை."

பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. "ரிசல்ட் வந்திட்டுதுதானே. இனி நீங்கள் எடுக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சென்னையில் இரவு எட்டரை மணி. மகளைக் கூப்பிட்டேன்; முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சு, உடம்புக்கு ஏதாவதா? மத்தியானத்துலேருந்து ஃபோனைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"நீ கூப்பிட்டிருக்கலாமே."

"ஞாயித்துக்கிழமைன்னா நீங்கதானேப்பா கூப்பிடுவீங்க. இந்த வாரம் மறந்துட்டீங்களான்னு பாத்தேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. பயந்தப்புறம் கூப்பிடவும் தைரியம் இல்லை."

மாக்டபுர்க் போய்வந்ததைச் சொன்னேன். யாரோடு என்று கேட்டாள். குதிரைகளைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்க, அவளும் அதையே கேட்டாள். வைத்தபின் அறை பழையபடி ஆனது. அடுத்த ஞாயிறு யார் கூப்பிடுவது என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.