கீழே மேக், மேலே விண்டோஸ்

தாராவியில் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் கிழடாகி, ஒரு பூவை நகர்த்தவே மூச்சு வாங்கியது. செம்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, மேக்குக்கு மாறிவிடுங்கள் என்று தன்னுடையதையே கொண்டுவந்து வைத்தான். பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பித் தந்துவிடலாம் என்றான்.

பிடித்தது. ஆனால் எங்கள் பத்திரிகைகள் எல்லாம் பழங்காலத் தமிழ் ஃபாண்டில் இருந்தன. புதியதில் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் கமாவும் கேள்விக்குறியும் நின்றன. வீட்டுக்காரர் பழையதைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணி வழியாகக் கடையின் மேல்தட்டுக்குப் போய்விட்டார். முடிவெடுக்கும்வரை வேலை அங்கேதான் என்றார்.

மாதுங்காவிலிருந்து, பேங்க்கில் ரிடையரான ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகையைத் திருத்த வந்தார். மேஜைமேல் மேக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தன் கண்முன்னாலேயே திருத்த வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொன்னேன். "மாப்பிள்ளை பேரு பெருசாகணும், அப்படித்தான சார்?"

வீட்டுக்காரர் மேலே பெரிதாக்கிப் படமாக அனுப்புவார். நான் கீழே மவுஸைச் சும்மா உருட்டிவிட்டு, வந்த படத்தைத் திறப்பேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டிவிட்டார் போல. அவரும் கத்த ஆரம்பித்தார். பிள்ளையாரின் தும்பிக்கை இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமாம்.

மேலேயிருந்து வீட்டுக்காரர் வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டார். "அது திரும்பாது சார், படமே அப்படித்தான் கெடக்கு."

பெரியவர் மேக்கைக் குனிந்து கூர்ந்து பார்த்தார்.

"பேசறதே," என்றார். "தமிழ்கூட நன்னா வர்றது."

பிறகு, அப்படியானால் இருக்கட்டும் என்று மேக்கிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தன் பில்டிங் முழுக்கச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வந்தவர்கள் என்னிடம் கத்தினார்கள், மேக்கிடம் மரியாதையாகப் பேசினார்கள். வீட்டுக்காரரும் கனமான குரலில் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

என்ன முடிவு செய்தீர்கள் என்று தம்பி போனில் கேட்டான். "மாறியாச்சு மாப்ள, நல்ல மெஷினு," என்றார் வீட்டுக்காரர்.

கடை திறந்திருக்கும்வரை அவர் இப்போது கீழே இறங்குவதில்லை. சாப்பாட்டை நான்தான் ஏணியில் ஏறிக் கொடுக்கிறேன்.