சகலைகளுக்கு ஒரு தனி அறை

தண்ணீர் பம்பு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். சரக்கைப் போலவே கோபத்தையும் துருப்பிடிக்காமல் காக்கத் தெரிந்தவர்.

அதே ஹாலில், இரும்பு பீரோவுக்கு அந்தப் பக்கம், கணக்குப் பிரிவில் அவருடைய சகலை. அக்காளை இவரும் தங்கையை அவரும் கட்டியிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் மதியத்தில் குறட்டை விடுவதைச் சகலை ஒருநாள் குடும்பமே கூடியிருந்தபோது விசிலோடு நடித்துக் காட்டினார். ஸ்டோர் கீப்பரின் மனைவியே விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு பேச்சு நின்றது. ஏதாவது தேவையென்றால் பியூன்தான் தூது.

இப்படியிருக்கையில் தலைமை அலுவலகத்துக்கு ஞானோதயம் வந்தது. இனி யாரும் பாடம் நடத்தமாட்டார்களாம். ஊழியர்களே பேசி, ஊழியர்களே கற்றுக்கொள்வார்களாம், அதுவும் ஆன்லைனில். பயிற்சி தரும் அம்மா, "இங்க நீங்கதான் ஹீரோ" என்றுவிட்டு, ஹீரோக்களின் மைக்கையெல்லாம் அணைத்துவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு இரண்டிரண்டு பேராகத் திரையிலேயே தனி அறைகளில் தள்ளினார். தலைப்பு: காதுகொடுத்துக் கேட்பது எப்படி.

ஸ்டோர் கீப்பரின் திரையில் சகலையின் முகம் வந்து நின்றது. குடும்ப விவகாரம் கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியும்!

"வணக்கம்" என்றார் சகலை, முன்பின் தெரியாதவரைப் போல. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு வணக்கம், ஸ்பீக்கரிலிருந்து ஒரு வணக்கம், கூடவே காதைக் கிழிக்கும் கீச்சொலி.

"சத்தத்தக் குறைங்க."

"நீங்க குறைங்க."

ஹாலே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இருவரும் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்தார்கள். சகலை பீரோவைச் சுற்றி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒருத்தர் பேசினா மத்தவர் குறுக்க பேசக் கூடாதாம். நீங்களே ஆரம்பிங்க சகல."

"நான் தூங்கினது உண்மைதான்" என்றார் ஸ்டோர் கீப்பர். "குறட்டையும் உண்மைதான். ஆனா அந்த விசில்? அது நீங்களா சேர்த்தது."

சகலை விதியை மதித்து வாய் திறக்கவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது. "சரி, விசில வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் கடைசியில். ஸ்டோர் கீப்பருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சி அம்மா எட்டிப் பார்த்தார். திரையில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்குகிறார்கள். அழுகிறார்கள் என்றே முடிவுகட்டி, படம் பிடித்து, 'மனம் திறந்த தருணம்' என்று மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

பலன் கைமேல் கிடைத்தது. இனி எல்லாக் கிளைகளுக்கும் இந்தப் பயிற்சியை நடத்தப்போவது இந்த இருவர்தானாம். அதே சம்பளம், வேலை முடிந்த பிறகு.

"பேசாம இருந்திருக்கலாம்" என்றார் சகலை.

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில், தலைமை அலுவலகத்தை மாறி மாறித் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.