இருக்கிற கை

அண்ணனின் வலது கையைத் தின்ற மிஷினை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. சாப்பாடு கொடுக்கப் போன இடத்தில் கண்ணெதிரே நடந்தது. தகடு வெட்டும் பிரஸ். மேலிருந்து இரும்பு இறங்கியது, மணிக்கட்டோடு போயிற்று. ரத்தம் அவள் செருப்பு வரை வந்தது.

இத்தனைக்கும் அதற்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும், கை உள்ளே போக வழியில்லை. ஆனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே! ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்துவிடுவது அந்தப் பட்டறையின் பெரிய கெட்டிக்காரத்தனம்.

அண்ணனுக்கு 'ஒத்தக்கை' என்று பெயர் விழுந்தது. வேலையை மட்டும் அவன் விடவில்லை. இடது கையால் ஒரு பட்டன், மற்றதற்கு அதே டேப். அப்படி நின்றே தங்கையைக் கம்ப்யூட்டர் முதுகலை வரை படிக்க வைத்தான்.

அவள் ஆய்வுக்கு வேறு எதை எடுப்பாள்? எது உடைந்தாலும், யார் ஏமாற்றினாலும் ஆளை வெட்டாத ஒரு புரோகிராம். டேப் ஒட்டினால் கண்டுபிடித்துவிடும்; ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பட்டனிலிருந்தும் கையை எடுத்துவிட்டு மறுபடி ஒன்றாக அமுக்க வேண்டும். தப்பு எங்கெல்லாம் நடக்கும் என்று நாற்பத்திரண்டு வரி பட்டியல் போட்டாள். அவசரக்காரன் இருந்தான், குடிகாரன் இருந்தான், எலி கடித்த ஒயர்கூட இருந்தது. ஒரே கையோடு ஒழுங்காக வேலை செய்கிறவன் இல்லை. கூடப்பிறந்தவனையே மறந்தாள், படித்த முட்டாள்!

சோதனைக்காக, அவள் புரோகிராமை ஏற்றிய புது கன்ட்ரோல் பெட்டியை அவன் மிஷினில் அவள் முன்னாலேயே மாட்டினார்கள். அண்ணன் அமுக்கினான். அசையவில்லை. மறுபடி அமுக்கினான்.

"ஒத்தக்கை, உன் தங்கச்சியே உனக்கு ஆப்பு வச்சிட்டாளே!" என்று சூப்பர்வைசர் சிரித்தார். "நாளையிலேர்ந்து வராதப்பா. உன்னால இதை ஓட்ட முடியாது."

அண்ணன் விட்ட அறையில் அவள் தகட்டு அடுக்கின் மேல் போய் விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"உன் கைக்காகத்தாண்ணா செஞ்சேன்."

"போன கைக்கு செஞ்சே. இருக்கிற கையை என்ன பண்ணச் சொல்றே?"

அவன் பெரிய ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் ஓங்கி அடித்தான். அந்த நேரம் பார்த்து, மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் இரும்புக்கு அடியில் கைவிட்டுச் சிக்கிய தகட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அலறினாள். பழைய பெட்டி ஒருமுறை தீய்ந்தபோது இரும்பு தானாக இறங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. வெறி. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பொறி பறந்தது, பெட்டி சில்லுச் சில்லாகத் தெறித்தது.

இரும்பு மேலேயே நின்றது. பிட்டர் கையை வெளியே இழுத்து விரல்களை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். அப்போதுதான் அண்ணன் அவரைப் பார்த்தான். ஸ்பேனர் கீழே விழுந்தது.

"இறங்கலையே" என்றான்.

"இறங்காதுண்ணா."

மறு வாரம் கல்லூரியில் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு. உதட்டில் நாலு தையலோடு போய் நின்றாள்.

"பெட்டியையே உடைச்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார் பரீட்சகர்.

"உடைச்சுப் பார்த்தாச்சு சார். இறங்கல."

"பிரமாதம்! இதனால யாருக்கும் பாதிப்பு இல்லையே?"

"ஒருத்தருக்கு வேலை போச்சு சார்" என்றாள். தையல் இழுத்தது. "அந்த வேலையிலதான் நான் இவ்வளவும் படிச்சேன்."