லீற்றருக்கு இருபத்து மூன்று

செருப்பைக் கழற்றி ஆசனத்தின் கீழே தள்ளிவிட்டு, வெறுங்காலால்தான் மேபல் அக்கா தன் ஹைபிரிட் காரை ஓட்டுவார். அக்சிலேற்றரைப் பாதம் உணர வேண்டுமாம். வண்டியைக் கிளப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்லும். "ஓம், ஓம்" என்பார். என்ன சொல்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். "மெதுவாப் போகட்டாம்" என்றார்.

தூரத்தில் சிவப்பு விளக்குத் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். கார் தன்பாட்டில் உருளும். பிறகு பிரேக்கை மெல்லத் தொட்டு, "இப்ப பற்றரி சாப்பிடுது" என்பார். பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் கார் அது; பிரேக் பிடித்தால் பற்றரி ஏறும். பின்னால் வரும் முச்சக்கரவண்டிகள் ஹோர்ன் அடித்துத் தொண்டை கிழியும். அக்காவின் கண் திரையில் இருக்கும். லீற்றருக்கு இருபத்து மூன்று கிலோமீற்றர் காட்டினால் அன்று முழுக்க நல்ல மனநிலை. அக்கா வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் நான் ஞாயிறுகளில் கோயில் வழியாக வெள்ளவத்தைக்குப் போக இந்தக் காரில்தான் தொற்றிக்கொள்வேன். நேரத்துக்குப் போய்ச் சேரும் ஆசையை எப்போதோ விட்டுவிட்டேன்.

அண்மையில் அந்த இருபத்து மூன்று பதினாறாக இறங்கிவிட்டது. எஞ்சின் நினைத்து நினைத்து உறுமியது. பற்றரி முடிந்துவிட்டது, வண்டியை விற்பதுதான் புத்தி என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். விற்றால் அக்காவின் கணவர் கிளெமென்ற் வீட்டோடுதான். கால் முறிந்ததிலிருந்து அவர் பின்சீட்டில் காலை நீட்டி, தலையணையில் சாய்ந்துதான் ஞாயிறு பூசைக்கு வருகிறார்.

அக்காவை உறுத்தியது வேறொன்று. பின்னாலிருந்து வரும் ஓர் இரைச்சல். கொச்சிக்கடைக் கோயிலில் கணவரை இறக்கியதும், எஞ்சினை நிறுத்தாமலே பின்சீட்டில் ஏறிக் காதை வைத்துக் கேட்டார். தலையணையை இழுத்தார். அது இலேசில் வரவில்லை. சீட்டோரத்து ஓட்டை அதை உறிஞ்சிப் பிடித்திருந்தது. பற்றரியைக் குளிர வைக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகவேண்டும்; அடைத்தால் பற்றரி கொதித்துக் களைத்துவிடும்.

பூசை முடிந்து வந்தவரிடம், தலையணையை ஏன் அங்கே செருகினீர்கள் என்று கேட்டார்.

"அதுக்குள்ளால நுளம்பு வருது. டெங்கு வந்தா ஆர் பாக்கிறது?"

"அது காரின்ட மூக்கு. நீங்களும்தான் நாப்பது வருஷமாக் குறட்டை விடுறீங்க. நான் உங்கட மூக்கைப் பொத்தினனானே?"

ஓட்டையில் அடைந்திருந்த தூசியையும் பஞ்சையும் அக்காவே துடைத்தெடுத்தார். அடுத்த ஞாயிறு திரையில் இருபத்தொன்று. தலையணை இப்போது கிளெமென்றின் காலுக்குக் கீழே. பாவம், மனிதர் வழி நெடுக அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தூரத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. அக்கா காலை எடுத்தார். கார் உருண்டுகொண்டிருக்க, திரும்பிப் பாராமலே, நுளம்படிக்கும் கரண்ட் மட்டையைப் பின்னால் நீட்டினார்.