மீன் வண்டிக்கு ஒரு ஸ்கேனர்

என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட என் கணவர் இவ்வளவு யோசிக்கவில்லை. வந்த இரண்டாவது வரனுக்கே தலையாட்டிவிட்டு, அவர்கள் வீட்டுக் கேசரியில் முந்திரி குறைவு என்பதைத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பைக்கின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வாங்க வேண்டும் என்று வந்தபோதுதான் மனுஷனுக்குப் பொறுப்பு வந்தது. அந்தப் பொறுப்பு ஒரு மீன்காரனின் தொழிலைக் கிட்டத்தட்ட மூட வைத்தது.

திருச்செந்தூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும் சாலையில் எங்கள் கடை. முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ், அங்கே என் ஆட்சி. பின்பக்கம் ஒர்க் ஷாப், அங்கே அவருடைய ஆட்சி. நடுவில் ஒரு தகரக் கதவு. ஆயிலும் பிளக்கும் விற்கிறவளுக்கு ஸ்கேனரைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் சில மாதம் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்புரேட்டர் காலத்தில் வண்டி நின்றால் கழற்றுவார், ஊதுவார், மாட்டுவார். இப்போது வரும் வண்டிகளில் பெட்ரோலை அளந்து கொடுப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். என்ன குறை என்று வாய் திறந்து சொல்லாது. சீட்டுக்கு அடியில் இருக்கிற பிளக்கில் ஸ்கேனரை மாட்டினால் அதனிடம் மட்டும் சொல்லும், அதுவும் ஒரு நம்பராக.

ஸ்கேனரிலும் ஆயிரம் வகை. ஒன்று அந்தக் கோளாறு நம்பரைப் படிக்கும், ஆனால் அழிக்காது. இன்னொன்று படிக்கும், அழிக்கும், பிரேக் பக்கம் எட்டிப் பார்க்காது. போனோடு சேர்த்து வேலை செய்யும் மலிவான ஒன்று உண்டு, அது காருக்குப் பிறந்தது, பைக்கைக் கண்டால் முழிக்கும். எல்லாம் செய்யும் பெரிய டேப்லெட் ஒன்றும் உண்டு, அதற்கு வருஷா வருஷம் அப்டேட் என்று தட்சிணை வைக்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் பிளக் வேறு வேறு. இவர் சாப்பிடும்போதும் வீடியோ, படுக்கும்போதும் வீடியோ. நேரில் பார்த்து முடிவு செய்கிறேன் என்று ஒருநாள் தூத்துக்குடிக்குப் போனார். துறைமுக ரோட்டுக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் ஒரு பொட்டலம் மக்ரூனோடு திரும்பி வந்தார். மக்ரூன் நன்றாகத்தான் இருந்தது.

இதற்குள் எங்கள் மீன்காரனின் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அவன் ஆலந்தலைக்காரன். விடியும் முன்பே கரையில் மீன் எடுத்து, பின்சீட்டில் கட்டிய பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் போட்டு அடுக்கி, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து வயல்கார ஊர்களில் விற்பவன். போகும்போது எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஹாரன் கேட்டுத்தான் நான் இட்லிச் சட்டியை இறக்குவேன்.

ஸ்கேனர் ஆராய்ச்சியில் அவனும் ஒரு கருத்துச் சொன்னான். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதை அவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். சாமி காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சும்மா அனுப்பிவிட்டால் யார் கோவிலுக்குப் போவார்கள், அதனால் அழிக்கிற மிஷினாகப் பார்த்து வாங்குங்கள் என்றான். என் கணவர் அதையும் மனதில் குறித்துக்கொண்டு, மறுபடி முதல் வீடியோவிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு அவன் வண்டி பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. ஒருநாள் ஐஸ் முழுக்கக் கரைந்து மீனெல்லாம் கெட்டுப்போனது. கம்பெனி சர்வீஸில் கேட்டால் வண்டியை விட்டுவிட்டுப் போ, வரிசை வரும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள். ஆட்டோ வைத்தால் மீன் விற்பது அவன், சம்பாதிப்பது ஆட்டோக்காரன். எங்கள் ஸ்கூட்டரைக் கொடுத்துப் பார்த்தோம், அந்தப் பெட்டி அதில் உட்காரவில்லை. அவன் வீட்டில் இருந்த நாட்களில் இன்னொரு வியாபாரி அந்த ஊர்களுக்குள் நுழைந்துவிட்டான். நுழைந்ததோடு நிற்காமல், பழைய ஆள் சவுதிக்குப் போய்விட்டான், இனி வரமாட்டான் என்று ஒரு புளுகையும் மீனோடு சேர்த்து விற்றிருக்கிறான்.

எங்கள் கவுன்டரில் கையூன்றிக்கொண்டு அவன் சொன்னான், "மீன் போனா நாளைக்கும் கடல்ல கெடைக்கும் அக்கா. வாடிக்க போனா எங்க போயி அள்ளுவேன்?"

எனக்கு வந்த கோபத்தில் தகரக் கதவு சுவரில் மோதியது. டேப்லெட்டா, சின்னதா என்று இன்னமும் பிரேக் போட்டுக்கொண்டிருந்த மனுஷனை நகரச் சொன்னேன். எந்தெந்த வண்டிக்கு ஆயில் ஃபில்டர் அதிகம் விற்கிறது என்று என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும். எங்கள் கடை வாசலுக்கு வருவது பெரும்பாலும் மூன்று கம்பெனி வண்டிகள். அந்த மூன்றுக்கும் வயர் இருக்க வேண்டும், படிக்க வேண்டும், அழிக்க வேண்டும். உலகத்து வண்டிகளை எல்லாம் படிக்கிற மிஷின் நமக்கு எதற்கு? நாங்கள் என்ன ஜெர்மனியிலா கடை வைத்திருக்கிறோம்? நடுத்தரமான ஒன்றை நானே ஆர்டர் போட்டேன்.

பார்சல் வந்தது. புது மிஷின் ஆயிற்றே என்று பூவும் சந்தனமும் வைத்துத் தேங்காய் உடைத்தோம். மீன்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். என் கணவர் டாக்டர் மாதிரி வயரை மாட்டினார். தொடர்பு இல்லை என்று திரை சொன்னது. திரும்ப மாட்டினார். தொடர்பு இல்லை. உடனே பழி என் சந்தனத்தின் மேல் விழுந்தது. பிளக்குக்குள்ளே எல்லாம் பொட்டு வைத்தால் மிஷின் எப்படிப் பேசும் என்று கேட்டார். நான் பொட்டு வைத்தது மிஷினின் நெற்றியில், வாயில் இல்லை என்றேன். சண்டை முற்றியபோது மீன்காரன் தன் வண்டியின் பிளக்கைப் பிடித்து எங்கள் முன்னால் நீட்டினான். கம்பிகளெல்லாம் உப்புப் பூத்துப் பச்சையாகியிருந்தன.

எங்கள் கரையில் ஜன்னல் கம்பியை, சைக்கிள் செயினை, சாமி படத்தின் ஆணியைக்கூட உப்பு தின்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைச் சுரண்டித் துடைத்ததும் ஸ்கேனர் வாய் திறந்தது. ஆக்ஸிலேட்டர் திருகுவதை அளக்கும் த்ராட்டில் சென்சாரில் கோளாறு என்றது. அந்த சென்சாரின் பிளக்கிலும் உப்பு. அதையும் துடைத்து, கோளாறை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. மீன்காரன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். என் கணவர் அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ஹாரன் கேட்டது, போயிற்று. சந்தோஷமாக இட்லிச் சட்டியை இறக்கினேன். வெயில் ஏறுவதற்குள் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். ஊர் எல்லையைக்கூடத் தொடவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சென்சாரையே மாற்றிவிடலாம் என்று என் கணவர் ஆரம்பித்தார். அந்தச் சென்சாரை விற்கப் போகிறவளே நான்தான், இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஈரம். நேற்றுத் துடைத்த இடம் இன்றைக்கு எப்படி ஈரமாகும்? முதலில் சீட்டைக் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார். பெட்டியின் முன்பக்க அடியில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஐஸ் தண்ணீர், உப்பும் மீன் கவிச்சியுமாகச் சொட்டி, சீட்டுக்கு அடியில் இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து சென்சாரின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஓட்டை எனக்குத் தெரியும். போன கோடையில் போட்டது. முன்பு தண்ணீர் பின்பக்கமாக வடிந்து நம்பர் பிளேட்டை அரித்துவிட்டது என்று மீன்காரன் சொல்ல, அதற்கென்ன, இந்தப் பக்கம் மாற்றிவிடுவோம் என்று ஒரு நிமிஷத்தில் டிரில்லிங் மிஷினை எடுத்து முன்பக்கம் துளை போட்டவர், ஸ்கேனர் வாங்க மாதக்கணக்கில் யோசித்த அதே மகராசன்தான். அவர் ஓட்டையைப் பார்த்தார். மீன்காரன் அவரைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், அந்தப் பையன் இழந்ததை நினைத்து வயிற்றெரிச்சல் ஒருபக்கம்.

மீன்காரன் சத்தம் போடவில்லை. "இம்புட்டு நாளா மிஷின் எம் வண்டிகிட்ட பாவத்தக் கேட்டுட்டு இருந்துருக்கு அண்ணாச்சி. பாவசங்கீர்த்தனம் நீங்கல்லா பண்ணணும்" என்றான்.

பரிகாரத்தையும் அவனே சொன்னான். காசு வேண்டாம். தன்னோடு ஊருக்குள் வந்து, தான் ஏன் வரவில்லை என்பதை அந்தப் பெண்களிடம் அண்ணாச்சி வாயாலேயே சொல்ல வேண்டும். தான் சொன்னால் சாக்கு என்பார்கள் என்றான்.

பழைய ஓட்டையை அடைத்து, பின்னால் புது ஓட்டை போட்டு, நம்பர் பிளேட்டைத் தாண்டித் தொங்குகிற மாதிரி ஒரு டியூபும் வைத்தார் என் கணவர். மறுநாள் காலையில் மீன் வண்டிக்குப் பின்னால் எங்கள் ஸ்கூட்டரும் போனது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இதைப் பார்க்காமல் விட்டால் பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றுதான் போனேன். என் கணவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கேனரையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், தைரியத்துக்கு.

ரேஷன் கடை முன்னால் வண்டி நின்று ஹாரன் அடித்தது. முதலில் யாரும் வரவில்லை. மீன்காரன் மறுபடி அடித்தான். ஹாரனை விட்டு வரப் பயந்த மாதிரி அவன் கை அதிலேயே இருந்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சவுதியில் மீன் வியாபாரம் எப்படி என்று ஒருத்தி கேட்டாள். நேற்று வந்தவன் அயிலை குறைந்த விலைக்குக் கொடுத்தான் என்றாள் இன்னொருத்தி. பாத்திரத்தை யாரும் நீட்டவில்லை.

நான் என் கணவரின் இடுப்பில் விரலால் குத்தினேன். அவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இவன் எங்கயும் போவல. வண்டி நின்னதுக்குக் காரணம் நாந்தான். ஓட்டைய நான் தப்பாப் போட்டுட்டேன்."

பிறகு ஒரு பெண் அவர் கையிலிருந்ததைக் காட்டி, "அப்ப அந்தப் பொட்டி எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. என் கணவர் காதெல்லாம் சிவந்து நின்றார், ஆனால் நகரவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது.

கேட்ட பெண்ணே முதலில் பாத்திரத்தை நீட்டினாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், நெத்திலி வாங்கினாள். நாலு எட்டு நடந்தவள் திரும்பிப் பார்த்து மீன்காரனிடம் சொன்னாள், "நாளைக்குச் சாளை கொண்டா."

அவன் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான். அடுத்தவள் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருக்கிறாள் என்பது மூடிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.