நிறத்தை எண்ணாகச் சொன்னவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விளக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் என்னோடு ஓர் அக்கா வேலை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றிக்கொண்டு, தே தாரிக் தேநீரைப் பார்த்தால்கூட அதன் நிறத்தை மூன்று எண்களாகச் சொல்வார். வாடிக்கையாளர்கள் FFA500 என்று ஆரஞ்சு நிறத்துக்குக் குறியீடு அனுப்புவார்கள். எங்கள் இயந்திரத்துக்கோ 255, 165, 0 என்று கொடுத்தால்தான் புரியும். நாள் முழுக்க அப்படி மாற்றித் தருவதுதான் அக்காவின் வேலை.

ஒருநாள் அதற்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் தானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். எல்லாம் நொடியில் மாறியது. ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினார்.

"கெட்டிக்காரி லா நீ" என்ற முதலாளி, மாதக் கடைசியில் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமேக்கா?" என்றேன்.

"பாஸ் சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன் லா."

சந்தோஷப்பட்டார்தான். வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் அந்த ஸ்கிரிப்ட்டை "நம்ம சிஸ்டம்" என்று காட்டுகிறார்.